கடைக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம்: கொங்குச் சிறுவியாபாரிகளுக்கு முதல் மூன்று மாத வழிகாட்டி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் சின்னம்மா செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறார். கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கியபோது கூட உட்கார்ந்து செய்து கொடுத்தது நான்தான். தினமும் காலை வணக்கம் படம் போட்டோம், நோம்பி வந்தால் வாழ்த்துப் போட்டோம். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக் காளை கடை வாசலில் வந்து நின்றதை எடுத்துப் பாட்டோடு போட்டோம். 80,000 பேர் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எண்ணெய் கேட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. மெசேஜில் வந்தவர்களும் காளையின் விலையைத்தான் கேட்டார்கள்.

அப்புறம் ஒரு வருஷம் போட்டுப் பார்த்து, விட்டுப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். பனியன், பெட்ஷீட், மசாலாப் பொடி, நாட்டுச் சர்க்கரை, தையல் கடை, எதுவானாலும் சரி. போனில் படம் எடுத்து அனுப்பத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் நீங்கள் கடையில் ஏற்கெனவே செய்துவருகிற வியாபாரக் கணக்குதான். அதைப் போனுக்குள்ளும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு தாள்

ஆப்பைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். என்ன விற்கிறேன்? யாருக்கு விற்கிறேன்? இந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை செய்து தர வேண்டும்? மூன்றாவதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறோம். “நாலு பேருக்குத் தெரியணும்” என்று எழுதினால், அது நடந்ததா இல்லையா என்று மூன்று மாதம் கழித்து எப்படிப் பார்ப்பது? சின்னம்மா இரண்டாவது தடவை எழுதியது இது: “கடையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள், மாதாமாதம் எண்ணெய் வாங்குகிற குடும்பம் புதுசா 30 சேரணும்.” இதை எழுதியதுமே காளை ரீல் ஏன் உதவவில்லை என்று புரிந்துவிட்டது. பார்த்த 80,000 பேரில் அந்த 15 கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

தொழிலுக்குத் தொழில் இந்தப் பதில் மாறும். சென்னிமலையில் மொத்தமாகப் பெட்ஷீட் போடுபவருக்கு வாங்குகிற ஆள் இன்னொரு கடைக்காரர். அவருக்கு ரீல் வேண்டியதில்லை. புது டிசைன், அளவு, விலை மூன்றும் தெளிவாகத் தெரிகிற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் வேண்டும். ஈரோடு வாரச் சந்தை திங்கள் இரவில் கூடிச் செவ்வாய் வரை நடக்கிறது. அதற்கு வருகிற கடைக்காரர்கள் என்ன எடுப்பது என்று சனி, ஞாயிறிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். செவ்வாய் மத்தியானம் போடுகிற டிசைனை யார் பார்ப்பார்கள்? கரூரில் வெளிநாட்டுக்கு மேசை விரிப்பும் திரைத்துணியும் அனுப்புபவருக்குத் தொழில்காரர்கள் தொடர்பு வைத்துக்கொள்கிற லிங்க்ட்இன்னும் ஒரு சுத்தமான வெப்சைட்டும் போதும். ஊர்க்காரர்களின் லைக் அவருக்கு எதற்கும் உதவாது.

பவானி ஜமக்காளம் நெய்பவரின் நிலைமை வேறு. ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்கிற சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியும் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டியது அதே பெயரில் மலிவாக விற்கிறது. அதனால் அவருடைய பக்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: விலை ஏன் கூடுதல் என்று வாங்குபவருக்குக் கண்ணால் காட்டுவது. குழிக்குள் கால் வைத்து மிதித்து நெய்கிறதை, நாடா ஓடுகிற சத்தத்தோடு ஒரு நிமிஷம் காட்டினால் போதும். பாட்டே வேண்டாம். அந்தச் சத்தத்தை விசைத்தறிக்காரரால் போட முடியாது. உங்கள் தொழிலில் அப்படி மற்றவரால் காட்ட முடியாதது எது என்று யோசித்து, அதையும் தாளில் எழுதிவையுங்கள்.

எந்த இடம்

எல்லா ஆப்பிலும் கணக்குத் தொடங்கி எதையும் பார்க்க நேரமில்லாமல் விடுவதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. நான் சொல்கிற வரிசை இது.

முதலில் கூகுள் மேப்பில் கடையைப் பதியுங்கள். காசு கிடையாது. பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், கடையின் முகப்பு, உள்ளே செக்கு, விலைப் பலகை என்று ஏழெட்டுப் படம். கடை உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யச் சொல்லும்; பெரும்பாலும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். “பக்கத்தில் செக்கு எண்ணெய்” என்று தேடுகிறவர் ஏற்கெனவே வாங்க முடிவு செய்துவிட்டவர். ரீல் பார்க்கிறவர் பொழுது போக்க வந்தவர். முதலில் யாரைப் பிடிப்பது? வாடிக்கையாளர் திருப்தியாகப் போகும்போது, “ரெண்டு வரி எழுதிட்டுப் போங்” என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காசு கொடுத்து மதிப்புரை மட்டும் வாங்காதீர்கள். ஊர்க்காரர்கள் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். சாதா வாட்ஸ்அப்பில் இல்லாத நாலு வசதி இதில் இருக்கிறது. பொருளும் விலையும் படத்தோடு அடுக்கிவைக்க கேட்டலாக். அடிக்கடி வருகிற கேள்விக்குத் தட்டினால் போகிற தயார் பதில். கடை மூடியிருக்கும்போது தானாகப் போகிற செய்தி. “புதியவர்”, “பணம் பாக்கி”, “அனுப்பியாச்சு” என்று பிரித்து ஒட்டுகிற லேபிள். கடைக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையும் ஆர்டரும் ஒரே இடத்தில் வந்தால் ஒரு நாள் ஏதாவது ஒரு ஆர்டர் விட்டுப்போகும். இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற ப்ராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே, “நம்பரை சேவ் பண்ணிக்கங், செக்கு ஓட்டுற அன்னைக்குச் சொல்றோம்” என்று சொல்லிவிட வேண்டும். சின்னம்மா இதைத் தேங்காய் எண்ணெய் டின்னில் ஒட்டுகிற சீட்டிலேயே அச்சடித்துவிட்டார்.

இதெல்லாம் ஓடத் தொடங்கியபின் இன்ஸ்டாகிராமோ யூடியூபோ ஏதாவது ஒன்று. ஒன்றுதான்.

வாடிக்கையாளரின் போன் நம்பரும் பெயரும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதில் மட்டுமே கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் அந்தக் கூட்டம் கைவிட்டுப் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல் வசதியைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஆனாலும் பழைய கூட்டத்தை யாராலும் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. இதெல்லாம் வாடகைக் கடை மாதிரி. நாளைக்கே காலி செய்யச் சொன்னாலும் கையில் எடுத்துக்கொண்டு போக வாடிக்கையாளர் பட்டியல் வேண்டும்.

என்ன போடுவது: கேள்வி நோட்டு

“தினமும் என்ன போடறதுன்னே தெரியலீங்க” என்று கேட்காதவர் இல்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கடைக்கு வருபவரோ போனில் பேசுபவரோ என்ன கேட்டாலும் அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் அடுத்த வீடியோ.

ஒரு மார்கழி மாதக் காலையில் திருப்பூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் பேசியதால் நானும் கேட்டேன்.

“ஏனுங்கக்கா, எண்ணெய் அப்படியே வெள்ளையா கட்டியாயிருச்சு. டால்டா கிலுடா கலந்துட்டீங்களா?”

“இல்லீங் கண்ணு. தேங்காயெண்ணெய் குளுருக்கு உறையத்தானுங்க செய்யும். சுடுதண்ணிப் பாத்திரத்துல டப்பாவ வைங், கொஞ்ச நேரத்துல இளகிரும்.”

அந்த மாதம் அதே கேள்வி நோட்டில் ஒன்பது தடவை இருந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும், மார்கழியில் நம் பக்கத்துக் காலைக் குளிருக்கு அது சாதாரணம். மறுநாள் விடிகாலையில் உறைந்த பாட்டிலையும் ஒரு சுடுதண்ணீர்ச் சொம்பையும் வைத்து 40 வினாடி வீடியோ எடுத்தோம். சின்னம்மா போனில் சொன்னதையே கேமரா பார்த்துச் சொன்னார். பார்த்தது 2,000 பேருக்கும் கீழேதான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஐந்து குடும்பம் எண்ணெய் வாங்க வந்தது. அதோடு, இப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த வீடியோவையே அனுப்பிவிடுகிறோம். ஐந்து நிமிஷப் பேச்சு மிச்சம்.

அதில் ஒரு வார்த்தையை வேண்டுமென்றே தவிர்த்தோம். “உறைஞ்சாத்தான் சுத்தமான எண்ணெய்” என்று சொல்லியிருந்தால் இன்னும் நிறையப் பேர் பகிர்ந்திருப்பார்கள். ஆனால் அது உண்மையில்லை, எண்ணெய்ப் பனையின் கொட்டையிலிருந்து எடுக்கிற பாம் கர்னல் எண்ணெயும் உறையும். விவரம் தெரிந்த ஒருவர் கீழே வந்து அதைச் சொன்னால் கடையின் பேச்சை அப்புறம் யார் நம்புவார்கள்? தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

நோட்டில் அடுத்து நின்ற கேள்வி, “லிட்டருங்களா, கிலோவுங்களா?” ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான் இருக்கும். தராசில் வைத்துக் காட்டிவிட்டோம். விலையை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் நில்லுங்கள், லென்ஸைத் துணியில் துடையுங்கள், போனை நிமிர்த்திப் பிடியுங்கள், முதல் மூன்று வினாடிக்குள் விஷயத்துக்கு வாருங்கள். சத்தம் இல்லாமல் பார்க்கிறவர்களுக்காகச் சொல்வதை எழுத்திலும் போடுங்கள். வாரம் இரண்டு போதும்.

கணக்கு நோட்டு

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பிரயோஜனமில்லை. இன்னொரு நோட்டில் கட்டம் போடுங்கள்: தேதி, பெயர், ஊர், எங்களை எப்படித் தெரியும், வாங்கினாரா, திரும்ப வந்தாரா. புதிய முகம் ஒவ்வொன்றிடமும், “நம்ம கடையை எப்படித் தெரியுமுங்க?” என்று கேட்பது ஒரு நிமிஷ வேலை. எங்கள் நோட்டில் ஒரு மாதம் புதிதாக வந்தது 41 பேர். கூகுள் மேப் பார்த்து 17, தெரிந்தவர் சொல்லியோ ஸ்டேட்டஸ் பார்த்தோ 14, இன்ஸ்டாகிராம் 6, வழியில் போகும்போது பலகை பார்த்து 4. அந்த ஆறில் ஐந்து அந்த உறைந்த எண்ணெய் வீடியோ. அதுவரை இன்ஸ்டாகிராமுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது, மேப்பில் ஒரு படம்கூடப் புதிதாக ஏற்றவில்லை. அடுத்த நாளே நேரத்தை மாற்றிப் பிரித்துக்கொண்டோம்.

ஆப்புக்குள்ளே காட்டுகிற எண்களில் லைக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் போன் பட்டனைத் தொட்டார்கள் என்பதைப் பாருங்கள். எந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதும் அங்கேயே தெரியும்.

விளம்பரத்துக்குக் காசு போடும் முன்

ஒரு வாடிக்கையாளரால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமல், காசு கட்டிப் பதிவை நிறையப் பேருக்குக் காட்டச் சொல்கிற பூஸ்ட் பட்டனைத் தொடாதீர்கள். ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாச் செலவும் போக லிட்டருக்கு 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் மாதம் 2 லிட்டர் வாங்கினால் மாதத்துக்கு 80, வருஷத்துக்கு 960 ரூபாய். ஆனால் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்றால், பாதிப் பேரிடம் 80, பாதிப் பேரிடம் 960, சராசரி 520. ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 520 ரூபாய்க்கு மேல் போனால் கைநட்டம்.

இப்போது 1,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,180. அறுபது பேர் மெசேஜ் அனுப்பி அதில் ஆறு பேர் வாங்கினால் ஆளுக்கு ஏறக்குறைய 197 ரூபாய்; தாராளமாகத் தொடரலாம். இரண்டு பேர் மட்டும் வாங்கினால் ஆளுக்கு 590, நிறுத்துங்கள். அறுபது பேர் கேட்டும் இரண்டே பேர்தான் வாங்கினார்கள் என்றால் குறை பெரும்பாலும் விளம்பரத்தில் இருக்காது. பதில் சொல்ல நேரமாகியிருக்கும், அல்லது விலையைச் சொன்னதும் போயிருப்பார்கள், அல்லது டெலிவரி இல்லாமல் இருந்திருக்கும். அதைச் சரிசெய்த பின்னால்தான் அடுத்த ரூபாய்.

விளம்பரத்தில் ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட முடியும். கட்டாயம் போடுங்கள். சென்னையிலிருந்து ஒரு லிட்டர் கேட்டால் பார்சல் கூலியும் பேக்கிங்கும் சேர்ந்து அந்த 40 ரூபாயையும் தின்றுவிடும். அதனால் சின்னம்மா வெளியூருக்கு 5 லிட்டருக்குக் குறைந்து அனுப்புவதில்லை, பார்சல் கூலி தனி. இதைக் கேட்டலாக்கின் முதல் வரியிலேயே எழுதிவிட்டார்.

காசு போடும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். சனி சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஜனங்கள் கையில் காசோடு கடைவீதியில் இருப்பார்கள். புதன்கிழமை விளம்பரம் ஓட்டுவதற்கும் சனிக்கிழமை ஓட்டுவதற்கும் அங்கே நிறைய வித்தியாசம். அதேபோல, தீபாவளிக்கு எண்ணெய்ப் பலகாரம், கார்த்திகைக்கு விளக்கேற்ற எண்ணெய், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, பங்குனி சித்திரையில் மாரியம்மன் நோம்பி. நோம்பியன்று வாழ்த்துப் போடுவதைவிட மூன்று வாரம் முன்னால் “இந்த வருஷம் முறுக்குக்கு எத்தனை லிட்டர் எடுத்துவைக்கட்டும்?” என்று கேட்பது வியாபாரம்.

புகார் வந்தால்

ஒரு தடவை கேன் மூடி சரியாக இறுகாமல் பார்சலில் எண்ணெய் வழிந்துவிட்டது. வாங்கியவர் கோபமாகப் படத்தோடு கமெண்ட் போட்டார். அதை அழித்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சின்னம்மா விடவில்லை. கீழேயே எழுதினார்: “மூடியைச் சரியாகப் பார்க்காதது எங்கள் தப்புங்க. இன்றைக்கே வேறு கேன் அனுப்புகிறோம், நம்பரில் கூப்பிடுகிறேன்.” கூப்பிட்டுப் பேசினார், கேனும் போனது. பிறகு மூடிக்கு மேல் சீல் ஒட்ட ஆரம்பித்து, அதைப் படம் எடுத்துப் போட்டார். அந்த வாடிக்கையாளர் இன்றும் வாங்குகிறார். எல்லோரும் பார்க்க ஒரே ஒரு பதில், மற்ற பேச்செல்லாம் போனில். வேண்டுமென்றே திட்டுபவரிடம் இரண்டாவது பதில் வேண்டாம்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க

உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணை லேபிளிலும் கேட்டலாக்கிலும் போடுங்கள். “சர்க்கரை நோய் குணமாகும்”, “மாரடைப்பு வராது” என்றெல்லாம் எழுதவே எழுதாதீர்கள். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அதைவிட, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது? பிரபலமானவர்களுக்குக் காசோ இலவசப் பொருளோ கொடுத்துப் பேசச் சொன்னால், அது விளம்பரம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுக்கு உரிமை வேறொருவருடையது. பிசினஸ் கணக்குகளுக்கு அதனால்தான் எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை. செக்குச் சத்தமே போதும்.

கணக்கை யார் நடத்தினாலும் அது உங்கள் நம்பரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும், இரண்டடுக்குப் பாதுகாப்பும் (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்பது) போட்டிருக்கட்டும். டிசைன் செய்து கொடுத்த பையன் வேலை மாறிப் போனதும் பக்கமே கையில் இல்லாமல் போன கடைகளை எனக்குத் தெரியும்.

பணம் வந்ததா என்பதை வங்கிக் கணக்கில் மட்டும் பாருங்கள், அவர்கள் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள். “ராணுவ முகாமுக்கு 50 லிட்டர் வேண்டும், அட்வான்ஸ் அனுப்ப இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்று வந்தால் அது மோசடி. பணம் வாங்க நீங்கள் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் மாதக் கடைசி

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நோட்டையும் முதல் நாள் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எழுதிய வேலையில் எவ்வளவு நடந்தது? எது ஆளைக் கொண்டுவந்தது, எது நேரத்தை மட்டும் தின்றது? தின்றதை விட்டுவிடுங்கள், எத்தனை லைக் வந்திருந்தாலும் சரி. சின்னம்மா காலை வணக்கப் படத்தை அப்படித்தான் நிறுத்தினார். புதுக் குடும்பம் முப்பது கேட்ட இடத்தில் இருபத்திரண்டு சேர்ந்திருந்தது. அடுத்த மூன்று மாதத்துக்குத் தாளில் எழுதியது புதியவர்களைப் பற்றி இல்லை. நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பது.

கேள்வி நோட்டில் இப்போது மேலே நிற்பது, “நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எதுக்குங்க போடறீங்க?” அடுத்த முறை எள் ஆட்டும் நாளில், கருப்பட்டியைத் தட்டிச் செக்கில் போடும்போதே அதை எடுக்கப் போகிறோம்.